ஓய்வு பெற்ற கரடியும் ஓயாத பிள்ளையும்

(நம் குடியிருப்பின் பொது ஹாலில், சாரல் காலத்து ஞாயிறு மாலைக் கூடுகையில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



நோட்டீஸ் போர்டில் 'ரஷ்யாவின் குழந்தைப் பாட்டுகள்' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, லிஃப்டில் ஒரு நண்பர் கேட்டார். "தென்காசியில உட்கார்ந்துக்கிட்டு ரஷ்யாக்காரன் பாட்டு நமக்கு எதுக்கு சார்? நம்ம பாட்டையே பாட ஆளில்ல." நியாயமான கேள்விதான். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன். ரஷ்யா வழியாகச் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேருவோம்.

முதலில் ஒன்று சொல்லுகிறேன். ரஷ்யப் பாட்டு ஏற்கெனவே நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. இரவு ஏழரை மணிக்கு நம் வராந்தாவில் ஒரு நடை போய்ப் பாருங்கள். எந்த வீட்டில் சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறார்களோ அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு செல்போன் பாடிக்கொண்டிருக்கும். பாதி நேரம் அதில் ஓடுவது 'மாஷாவும் கரடியும்'. தலையில் முக்காடு போட்ட குட்டிப் பெண் ஒருத்தி, காட்டில் ஒரு பெரிய கரடி. இந்தத் தொடர் 2009 ஜனவரியில் ரஷ்யாவில் தொடங்கியது. ஒவ்வொரு கதையும் ஏழு நிமிஷம்போல இருக்கும். கரடி வாய் திறந்து பேசுவதே இல்லை. எந்த நாட்டுப் பிள்ளைக்கும் மொழி தடையாக இல்லாமல் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அதில் மாஷா கஞ்சி காய்ச்சும் கதை ஒன்று உண்டு. கஞ்சி பொங்கிப் பொங்கி வீடு முழுக்க நிரம்பிவிடும். அந்த ஒரு கதையை மட்டும் யூடியூபில் 400 கோடி தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் நம் 'பி' பிளாக்கின் பங்கும் கணிசமாக இருக்கும் என்பது என் நம்பிக்கை. (சிரிப்பு)

அந்தக் கரடி யார் தெரியுமா? சர்க்கஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கரடி. வாங்கிய பதக்கங்கள் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. மீன் பிடிக்க வேண்டும், தேன் குடிக்க வேண்டும், தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறது. அந்த நிம்மதியைக் கெடுக்க ஒரு குழந்தை தினமும் கதவைத் தட்டுகிறது. இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் ஓய்வூதியர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்கவே வேண்டாம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் சங்கத்தின் ஆலோசனைப் பெட்டியில் போன மாதம் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்றில், "மாலையில் பிள்ளைகள் ஹாலில் கூடிப் பாடுவதும் கத்துவதும் தாங்க முடியவில்லை. ஆறு மணிக்கு மேல் ஹாலைப் பூட்ட வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்றில், "எங்கள் பிள்ளை செல்போன் இல்லாமல் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. சங்கம் ஏதாவது செய்யக்கூடாதா?" என்று கேட்டிருந்தார்கள். இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள்போலத் தெரியும். எனக்கு இரண்டும் ஒரே பிரச்சினையாகத்தான் படுகிறது. ஹாலைப் பூட்டினால் பிள்ளை எங்கே போகும்? செல்போனுக்குத்தான் போகும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானிக்கப் போகிறோம். அதற்கு முன்னால், குழந்தைப் பாட்டைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்ட ஒரு நாட்டின் கதையை உங்களுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன்.

ரஷ்யா நம் பக்கத்துக்குப் புதிதல்ல. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். 1951-ல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் சோவியத் புத்தகங்களை ஊர் ஊராகக் கொண்டுவந்தது. வழவழப்பான தாள், கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம், விலையோ சில ரூபாய்தான். மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சடித்து அனுப்பின. 'முதல் ஆசிரியர்', 'அப்பா சிறுவனாக இருந்தபோது' போன்ற புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள் இந்த ஹாலிலேயே இருக்கிறீர்கள். கார்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்த தொ.மு.சி. ரகுநாதன் திருநெல்வேலிக்காரர். தென்காசி 2019-ல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. ஆகவே அவர் காலத்துக் கணக்கில் அவர் நம் மாவட்டத்துக்காரர்தான்.

இன்றைக்கும் நம் ஊரிலிருந்து சுமார் மூன்று மணி நேரப் பயணத்தில் கூடங்குளம் இருக்கிறது. 1988-ல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு, 2002-ல் கட்டுமானம் தொடங்கிய அணுமின் நிலையம். அங்கே வேலைக்கு வந்த ரஷ்ய வல்லுநர்கள் குடும்பத்தோடு செட்டிகுளம் பக்கம் அணுவிஜய் நகரியத்தில் தங்கியிருக்கிறார்கள். நம் நெல்லைச் சீமையிலேயே ரஷ்யத் தாய்மார் பிள்ளைகளைப் பாடித் தூங்க வைக்கிறார்கள் என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் ஒன்று நடந்தது. கதைகள் வந்தன, படங்கள் வந்தன, பாட்டு மட்டும் வரவில்லை. கதையை மொழிபெயர்த்து அச்சடித்துவிடலாம். பாட்டை அச்சடித்து அனுப்ப முடியாது. மெட்டு வேண்டும், பாடுகிற வாய் வேண்டும், கேட்கிற காது பக்கத்திலேயே இருக்க வேண்டும். 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் புத்தகமும் நின்றுபோனது. பிறகு பல வருஷம் கழித்து, செல்போன் வழியாகப் பாட்டு வந்து சேர்ந்தது.

சரி, அந்தப் பாட்டுகள் எப்படிப் பிறந்தன? பெரிய நிறுவனமும் பெரிய பணமும் பின்னால் வந்தவை. நான் மூன்று உதாரணம் சொல்லுகிறேன்.

ரஷ்யாவில் புத்தாண்டு என்றால் ஃபிர் மரத்தை அலங்கரித்து அதைச் சுற்றிப் பிள்ளைகள் கைகோத்து ஆடுவார்கள். நம் கும்மி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தவறாமல் பாடும் பாட்டு ஒன்று, காட்டில் பிறந்த குட்டி ஃபிர் மரத்தைப் பற்றியது. ரைஸா குதஷேவா என்ற பெண் எழுதிய கவிதை, 1903-ல் ஒரு குழந்தைப் பத்திரிகையில் வந்தது. 1905-ல் லியோனித் பெக்மன் என்பவர் தன் சின்ன மகளைச் சந்தோஷப்படுத்த அதற்கு ஒரு மெட்டுப் போட்டார். அவர் படித்தது இயற்கை அறிவியல். இசைக் குறிப்பு எழுதத் தெரியாது. அவர் மனைவி பியானோக் கலைஞர். அவர்தான் மெட்டை எழுதி வைத்தார். நூறு வருஷத்துக்கு மேல் ஒரு நாடே பாடுகிற பாட்டு, ஒரு அப்பா மகளுக்காக வீட்டில் முணுமுணுத்தது.

இரண்டாவது உதாரணம் கர்னேய் சுக்கோவ்ஸ்கி. ரஷ்யக் குழந்தை இலக்கியத்தின் தாத்தா என்று சொல்லலாம். 1916 வாக்கில் அவருடைய மகனுக்கு வெளியூரில் காய்ச்சல். பிள்ளையை ரயிலில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார். அழுகை நிற்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், ரயில் சக்கரம் ஓடுகிற தாளத்திலேயே ஒரு முதலையைப் பற்றி இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். அர்த்தம், ஒழுங்கு எதையும் யோசிக்கவில்லை. பிள்ளை வலியை மறந்து தூங்கிவிட்டான். மறுநாள் எழுந்ததும் அதே கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னான். அதுதான் 'முதலை' என்ற புகழ்பெற்ற பாட்டுக்கதை. சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் அழுகிற பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும்.

மூன்றாவதைச் செய்தது ஒரு குழந்தையே. 1928-ல் நான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு 'எப்போதும்' என்ற வார்த்தையின் அர்த்தத்தை யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். உடனே அவன் நாலு வரி கட்டினான். சூரியன், வானம், அம்மா, தான் என்று நான்கு பேருக்கும் அந்த 'எப்போதும்' வேண்டும் என்று கேட்டான். அந்த வரிகளைச் சுக்கோவ்ஸ்கி, குழந்தைகளின் மொழியைப் பற்றி எழுதிய 'இரண்டு முதல் ஐந்து வரை' என்ற நூலில் சேர்த்தார். 1962-ல் கவிஞர் லெவ் ஒஷானின் அந்த நாலு வரியையே பல்லவியாக வைத்து ஒரு பாட்டு எழுதினார். அர்காதி ஒஸ்த்ரோவ்ஸ்கி இசையமைத்தார். அடுத்த வருஷமே போலந்தில் சோப்போட் இசை விழாவில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் இரண்டு கோடிக்கு மேல் உயிர்களைப் பறிகொடுத்த நாடு அது. அம்மா எப்போதும் இருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டதை அந்த ஜனங்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

இந்த மூன்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது? ஒரு பெரியவர், ஒரு குழந்தை, இருவருக்கும் நடுவில் ஒரு பாட்டு. அதைத்தான் நம் வீட்டில் செல்போனிடம் கொடுத்துவிட்டோம்.

இனி, கடிதத்தில் எழுதியிருந்த 'கத்தல்' விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் பாடுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது, வெறும் கூச்சல்தானே என்று கேட்கிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். அந்த முதலைப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1928-ல் லெனினின் மனைவி குருப்ஸ்கயா 'பிராவ்தா' பத்திரிகையில் அதைக் கடுமையாகத் தாக்கினார். முதலையைப் பற்றி உருப்படியான தகவல் ஒன்றும் இல்லாமல், பிள்ளைகளுக்கு உளறலைக் கொடுக்கலாமா என்பது அவர் வாதம். அவர் சாதாரண ஆள் இல்லை, கல்வித் துறையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். வெளிநாட்டில் இருந்த கார்க்கி சுக்கோவ்ஸ்கிக்கு ஆதரவாக எழுதி அனுப்ப வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டு திரிந்தார்கள். பெரியவர்கள் முடிவெடுப்பதற்கு முன்பே பிள்ளைகள் முடிவெடுத்துவிட்டார்கள்.

அந்த நாட்டில் எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று நான் சொல்ல வரவில்லை. கட்சியைப் போற்றிப் பிள்ளைகளைப் பாடவைத்த பாட்டுகளும் கட்டுக்கட்டாக உண்டு. நத்தாலியா சாத்ஸ் என்ற அம்மையார் மாஸ்கோவில் குழந்தைகளுக்கென்றே நாடக அரங்கம் நடத்தியவர். வாத்தியங்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த ஒரு இசைக்கதை செய்து தாருங்கள் என்று இசைமேதை புரோக்கோஃபியெவைக் கேட்டவர் அவர்தான். அப்படி வந்தது 'பீட்டரும் ஓநாயும்'. 1936 மே மாதம் முதல் தடவை வாசிக்கப்பட்டது. அடுத்த வருஷமே அந்த அம்மையாரைக் கைது செய்து முகாமில் அடைத்தார்கள். அவர் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தும் அவர் வேலையை விடவில்லை. 1965-ல் மாஸ்கோவில் குழந்தைகளுக்கென்று தனி இசை நாடக அரங்கத்தைத் தொடங்கினார். இப்போது அது அவர் பெயரிலேயே இருக்கிறது.

'பீட்டரும் ஓநாயும்' யூடியூபில் இருக்கிறது. அரை மணி நேரம்கூட ஆகாது. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம். பறவைக்குப் புல்லாங்குழல். பூனைக்குக் கிளாரினெட். முணுமுணுக்கிற தாத்தாவுக்கு பஸ்ஸூன் என்ற அடிக்குரல் வாத்தியம். ஓநாய்க்கு மூன்று கொம்புகள். வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக்கு முரசு. வாத்துக்கு ஓபோ. இந்த ஓபோ நம் நாகஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டிலும் இரட்டை நாணல் சீவாளியில்தான் சத்தம் பிறக்கிறது. காசி விசுவநாதர் கோயிலில் நாகஸ்வரம் கேட்ட பிள்ளை, வாத்து வரும்போது தலையைத் தூக்கிப் பார்க்கும், பாருங்கள். பிறகு நீங்களே கேளுங்கள்: "ஏ மக்கா, நம்ம கோயில் யானைக்கு என்ன வாத்தியம் வைக்கலாம்? ஐந்தருவிக் குரங்குக்கு எது?" பிள்ளை தவில் என்று சொல்லும், உடுக்கை என்று சொல்லும். அன்றைக்குச் சோறு தானாக இறங்கும்.

ரஷ்யக் குழந்தைப் பாட்டில் எனக்கு ஆச்சரியமான இன்னொரு சங்கதி, அதில் சோகம் அனுமதிக்கப்படுகிறது. சைக்கோவ்ஸ்கி 1878-ல் தன் சின்ன மருமகனுக்காக, அதாவது தங்கை மகனுக்காக, 24 சிறிய பியானோ உருப்படிகள் எழுதினார். அதில் பொம்மைக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது, பொம்மையை அடக்கம் செய்கிறார்கள், பிறகு புதுப் பொம்மை வருகிறது. பிள்ளைக்கும் துக்கம் உண்டு, அதற்கும் இசை வேண்டும் என்று நினைத்த தாய்மாமன் அவர்.

அதேபோல 1971-ல் வந்த செபுராஷ்கா பொம்மைப் படத்தில் கேனா என்ற முதலை பிறந்தநாள் பாட்டு பாடுகிறது. விளதீமிர் ஷயீன்ஸ்கி இசை. இன்றுவரை ரஷ்யாவில் பிறந்தநாள் என்றால் அந்தப் பாட்டுதான். பிறந்தநாள் வருஷத்துக்கு ஒரு தடவைதானே வருகிறது என்று முதலை வருத்தப்படுகிறது. மெட்டும் மேற்கத்தியர் மைனர் என்று சொல்லும் ஸ்வர வரிசையில்தான். அது நம் நடபைரவி, கீரவாணிக்கு நெருங்கியது. நாம் கேக் வெட்டும்போது பாடுகிற பாட்டோடு வைத்துப் பாருங்கள், எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். 1974-ல் வந்த அடுத்த படத்தில் முதலையும் செபுராஷ்காவும் ரயிலின் கடைசிப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு 'நீலப் பெட்டி' என்ற பாட்டைப் பாடிக்கொண்டே போகிறார்கள். காலம் ரயில்போல ஓடுகிறது என்பதுதான் அதன் பொருள். நம்மூர் ரயில் பெட்டிகளும் பல வருஷம் நீல நிறம்தான். கோடை விடுமுறை முடிந்து, தென்காசி ஸ்டேஷனில் பேரப்பிள்ளைகளை ஏற்றிவிட்டு, கடைசிப் பெட்டி மறைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்த ஆச்சிமார்களுக்கு அந்தப் பாட்டு மொழி தெரியாமலே புரியும்.

இந்தக் கேனா முதலையின் கதையை அபார்ட்மெண்டில் இருக்கிற நாம் எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு மிருகக்காட்சி சாலையில் வேலை. என்ன வேலை? முதலையாக இருக்கும் வேலை. காலையில் போய், சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தனியாக உட்கார்ந்து தன்னோடு தானே சதுரங்கம் ஆடுகிறது. ஒரு நாள் தாங்க முடியாமல், 'நண்பர்கள் தேவை' என்று தானே நோட்டீஸ் எழுதி ஊரெல்லாம் ஒட்டுகிறது. ஒருவர் ஒருவராக வருகிறார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, நண்பர்கள் கூடுவதற்காக ஒரு வீடு கட்டுகிறார்கள். நாம் அந்த வீட்டை ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறோம். மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் கட்டுகிறோம். இப்போது அதற்கு ஆறு மணிக்குப் பூட்டுப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் ஒரே ஒரு ரஷ்யச் செய்தி. 1964 செப்டம்பர் 1-ம் தேதி அங்கே தொலைக்காட்சியில் 'குட்டீஸ், இனிய இரவு' என்ற பொருளில் ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. பன்றிக்குட்டி, முயல், நாய், காக்கை எல்லாம் பொம்மைகளாக வரும். ஒரு சின்ன கார்ட்டூன், கொஞ்சம் பேச்சு, பொம்மைகள் தூங்கிவிட்டன என்று ஒரு தாலாட்டு. அதோடு சரி, பிள்ளைகள் படுக்கப் போக வேண்டும். சூரியப் பாட்டுக்கு இசை போட்ட அதே ஒஸ்த்ரோவ்ஸ்கிதான் இந்தத் தாலாட்டுக்கும் இசை. அறுபது வருஷமாக அந்த நிகழ்ச்சி ஓடுகிறது. அதுவும் திரைதான். ஆனால் அதற்கு ஒரு முடிவு இருந்தது. தாலாட்டு வந்தால் டிவியை அணைக்க வேண்டும் என்று பிள்ளைக்கும் தெரியும், தாய்க்கும் தெரியும். நம் கையில் இருக்கிற செல்போனில் அந்த முடிவு இல்லை. ஒரு மாஷா முடிந்தால் அடுத்த மாஷா தானாக வருகிறாள். குற்றம் மாஷாவுடையது அல்ல.

இப்போது நம் கதைக்கு வருவோம். நமக்கு என்ன குறை? கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை நாஞ்சில் நாட்டிலிருந்து குழந்தைகளுக்குப் பாடினார். அழ. வள்ளியப்பா குழந்தைப் பாட்டுக்கென்றே வாழ்ந்தார். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., கவிதையைக் கண்ணால் படித்தால் போதாது, வாயாரச் சொல்லிக் காதாரக் கேட்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி இந்த மலையடிவாரத்திலேதான் பிறந்தது. குடமும் உடுக்கையும் வில்லும் சேர்ந்து ஊரையே உட்கார வைக்கிற வில்லுப்பாட்டு நம்முடைய சொத்து.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது தாலாட்டு. நம் தாலாட்டுக்குத் தனி ஆசிரியர் கிடையாது. தொட்டிலை ஆட்டிக்கொண்டே, அந்தந்த வீட்டு மாமன் பேர், அத்தை பேர், ஊர் பேர், குலசாமி பேர் எல்லாவற்றையும் போட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். அழுகிற பிள்ளையிடம் உன்னை யார் அடித்தது என்று ஒவ்வொரு உறவாகக் கேட்டுக்கொண்டே போவார்கள். பிள்ளை தூங்குவதற்குள் அதற்குத் தன் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிடும். பெக்மனும் சுக்கோவ்ஸ்கியும் ஒரு தடவை செய்ததை நம் ஆச்சிமார்கள் தினமும் ராத்திரி செய்தார்கள். யாரும் பேப்பரில் போடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது இந்தக் குடியிருப்பில் அப்படிப் பாடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? நான் வீடு வீடாக விசாரித்தேன். முழுத் தாலாட்டு தெரிந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருமே எண்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். நடுவயதில் இருக்கிற நம் பெண்களிடம் கேட்டால், "அம்மா பாடுவாங்க, எனக்கு ரெண்டு வரிதான் தெரியும்" என்கிறார்கள். ஆண்களிடம் கேட்டால் அந்த இரண்டு வரியும் இல்லை. நான் ஒளிக்காமல் சொல்லுகிறேன்: இன்னும் பத்து வருஷத்தில் அந்தப் பாட்டுகள் நம் வீடுகளிலிருந்து போய்விடும். மாஷா இருப்பாள். அவள் பாட்டைப் பாதுகாக்க ஒரு நிறுவனம் இருக்கிறது. நம் ஆச்சி பாட்டுக்கு நாம் மட்டும்தான் இருக்கிறோம்.

ஆகவே பொதுக்குழுவுக்கு முன் மூன்று காரியங்களை உங்கள் யோசனைக்கு வைக்கிறேன்.

ஒன்று, ஹால். அமைதி வேண்டும் என்று எழுதியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதய நோயாளிகள் இருக்கிறார்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதனால் தினமும் கூச்சல் வேண்டாம். சனி, ஞாயிறு இரண்டு நாள் மட்டும், மாலை ஆறு முதல் ஏழு வரை பாட்டு நேரம் என்று வைப்போம். மைக் கிடையாது. ஏழு மணிக்கு ஹால் பூட்டப்படும். பள்ளித் தேர்வு நடக்கும் வாரங்களில் கிடையாது. ஒவ்வொரு வாரமும் இரண்டு பெரியவர்கள் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வு பெற்ற கரடிகள் பெயர் கொடுக்கலாம். முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு, பதிவு. அந்த ஐந்து ஆச்சிமார்களின் பாட்டையும், அவர்கள் சம்மதத்தோடு, இந்த மழைக்காலம் முடிவதற்குள் செல்போனிலேயே பதிவு செய்துவிடுவோம். பாட்டு மட்டும் போதாது. எந்த ஊர்ப் பாட்டு, யார் சொல்லிக் கொடுத்தது, யாருக்காகப் பாடியது என்பதையும் கேட்டு எழுத வேண்டும். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும். செல்போனைத் திட்டிக்கொண்டே இருக்கிறோமே, அதை ஒரு நல்ல காரியத்துக்கும் பயன்படுத்துவோம்.

மூன்று, இது சங்கம் செய்ய முடியாதது, அவரவர் வீட்டில் செய்ய வேண்டியது. மாஷாவை நிறுத்த வேண்டாம். பிள்ளை கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகாமல், வீட்டு டிவியில் போட்டு, கூட உட்கார்ந்து, ஒன்றோ இரண்டோ பாருங்கள். பார்த்து முடித்ததும் அணைத்துவிட்டு, அந்தக் கஞ்சி எப்படிப் பொங்கியது என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். படுக்கும்போது நீங்கள் ஒரு பாட்டுப் பாடுங்கள். குரல் நன்றாக இல்லை என்று கூச்சப்பட வேண்டாம். சுருதி சேர்ந்ததா என்று எந்தப் பிள்ளையும் பார்ப்பதில்லை. பாட்டு மறந்துவிட்டால் இட்டுக்கட்டிப் பாடுங்கள். சுக்கோவ்ஸ்கி ரயிலில் செய்தது அதுதானே.

அந்தத் தொடரைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். மாஷா வராத நாள் கரடிக்கும் பொழுது போவதில்லை. முணுமுணுத்துக்கொண்டே போய்த் தேடுகிறது. ஹாலைப் பூட்டுவதா வேண்டாமா என்று கை தூக்குவதற்கு முன்னால், நம் வராந்தாவில் பிள்ளைச் சத்தமே இல்லாத ஒரு மாலையை எண்ணிப் பார்த்துவிட்டுக் கை தூக்குங்கள்.

பாட்டு நேரத்துக்குப் பொறுப்பேற்க விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். தாலாட்டுப் பதிவுக்கு உதவுகிறவர்கள் நம் வாட்ஸ்அப் குரூப்பில் தெரிவிக்கலாம்.